குட்டிதானே

மறுவீட்டு விருந்தன்று மாப்பிள்ளை இலையில் உட்காராமலே திரும்பிப் போன கதை பாரிவாக்கத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். அன்றைக்கு ஊரிலேயே இல்லாதவர்கள்கூட நேரில் பார்த்தது போலச் சொல்வார்கள்.

துலுக்கானம் விடியற்காலையிலேயே பூந்தமல்லிக்குப் போய் வஞ்சிரம் வாங்கி வந்திருந்தார். மனைவியை இழந்த மனிதர். சமையலுக்குத் தெருப் பெண்களைக் கெஞ்சிக் கூப்பிட்டு, கூடத்தில் புதுப் பாய் விரித்து, மகளும் மருமகனும் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆவடி டாங்கி தொழிற்சாலையில் வேலை செய்கிற மாப்பிள்ளை. சென்ட்ரல் கவர்மென்ட் உத்தியோகம். துலுக்கானத்தின் அப்பா பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்டவர். துலுக்கானமோ திருமழிசையில் ஒரு போல்ட் கம்பெனி வாசலில் காவலுக்கு நிற்பவர். அந்த வீட்டுக்கு அப்படி ஒரு மாப்பிள்ளை வருவது சின்ன விஷயமில்லை.

ஆரத்தி முடிந்து மாப்பிள்ளை பூபாலன் உள்ளே வந்து நின்றபோதுதான் கொல்லையில் கட்டியிருந்த பட்டாணி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி வந்தது. பட்டாணி, மகள் பானுப்பிரியா வளர்த்த நாய். கொஞ்சம் பொமரேனியன், மீதியெல்லாம் பாரிவாக்கம். பூனையைவிட ஒரு சுற்றுதான் பெரியது. மூன்று வயதாகியும் தெருவில் எல்லோருக்கும் அது குட்டிதான். பானுவைப் பார்த்த சந்தோஷத்தில் இரண்டு முறை சுற்றி வந்து, பிறகு மாப்பிள்ளையின் பட்டு வேட்டி நுனியை மோந்து பார்த்தது.

பூபாலன் வேட்டியை ஒரு கையால் உயர்த்திப் பிடித்தான். முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல் திரும்பி வெளியே நடந்தான். பைக் பக்கத்தில் போய் நின்றுகொண்டு பானுவுக்கு போன் செய்தான். அவசரமாக ஷிப்டுக்குக் கூப்பிடுகிறார்களாம். அன்று ஞாயிற்றுக்கிழமை.

வேட்டியை உயர்த்திப் பிடித்த அந்தக் கையைத்தான் துலுக்கானத்தால் மறக்க முடியவில்லை. சாக்கடையைத் தாண்டுகிறவன் அப்படித்தான் பிடிப்பான் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம் மட்டும், "பெரிய எடத்துப் புள்ள. நம்ப ஊடு அதுக்கு ஒத்துக்கல போல கீது, வுடு" என்றார்.

அவருக்கு இன்னொரு விஷயமும் உறுத்திக்கொண்டிருந்தது. சம்பந்தம் பேச வந்த தரகர் தசரதன் ஆரம்பத்திலேயே, வீட்டில் நாய் இருக்கிறதா என்று கேட்டிருந்தார். பையன் வீட்டில் கேட்கச் சொன்னார்களாம். சுத்தபத்தம் பார்க்கிற குடும்பம் போலிருக்கிறது, நாய் கூடத்தில் புரளுகிற வீடு என்று தெரிந்தால் வேண்டாம் என்று விடுவார்கள் என நினைத்து, துலுக்கானம் இல்லை என்று சொல்லிவிட்டார். பெண் பார்க்க வந்த நாளில் பட்டாணியைத் திருமழிசையில் பானுவின் சிநேகிதி ஜெபா வீட்டில் விட்டு வைத்தார்கள். நாய்க்கிண்ணத்தைக்கூட அலமாரிக்குப் பின்னால் ஒளித்தார்கள். நல்ல இடம் தவறிவிடக் கூடாதே என்ற பயம்தான்.

*

ஆவடி குவார்ட்டர்ஸில் மரங்கள் நிறைய, மனிதர்கள் குறைவு. பலபேர் வெளியில் சொந்த வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பானு இருந்த பிளாக்கில் மாடி வீடுகள் இரண்டும் பூட்டிக் கிடந்தன. எதிர்வீட்டுக்காரர்கள் பருத்திப்பட்டுக்குக் குடிபோனபோது விட்டுச் சென்ற துளசித் தொட்டிக்குப் பானுதான் தண்ணீர் ஊற்றினாள். ஜன்னலுக்கு வெளியே வேப்பிலை விழுகிற சத்தம்கூடக் கேட்கும். தொழிற்சாலைச் சங்கு ஊதினால் பொழுது நகர்கிறது என்று அர்த்தம்.

பூபாலன் கெட்டவன் இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. கெட்டவனாக இருந்தால் கோபித்துக்கொள்ளலாம். அவன் தினமும் மல்லிகைப்பூ வாங்கி வந்து, கொடுக்கத் தெரியாமல் பிரிட்ஜின்மேல் வைத்துவிட்டுப் போவான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவான். புதிதாக முடித்த டாங்கிகளை ஓட்டிப் பார்ப்பது அவன் வேலை. அதைப் பற்றிக் கேட்டால் ஓரிரு வார்த்தை சொல்வான். அப்புறம் டி.வி. பேசும், அவன் கேட்பான்.

கூடத்துச் சுவரில் பள்ளிச் சீருடையில் ஒரு சின்னப் பையனின் படம், மாலையோடு. தம்பி கோகுல்நாத். ஏழு வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டான் என்று ஒரு தடவை சொன்னான். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனான். மாமியார் சுசீலா பண்ருட்டியில் மகளோடு இருந்தாள். அவளும் போனில் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுவதில்லை.

பாரிவாக்கத்தில் அப்பா வேலைக்குப் போன பிறகு பானு தனியாகத்தான் இருந்திருக்கிறாள். ஆனால் அது தனிமை என்று அப்போது தெரியவில்லை. அரிசி களைந்தால் காலடியில் ஒன்று உட்கார்ந்திருக்கும். துணி காயப்போட்டால் கூடவே வரும். இங்கே மத்தியானங்களில் சிமென்ட் தரையில் நகம் உரசும் சத்தம் கேட்டது போல இருக்கும். திரும்பிப் பார்ப்பாள். காலண்டர் தாள் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்.

புரட்டாசியில் அப்பா போன் செய்தார். நெஞ்சில் அடைப்பு வந்ததிலிருந்து அண்ணன் உதயகுமார் அவரைத் தனியாக விடமாட்டேன் என்கிறானாம். ஓசூருக்கே வந்துவிடச் சொல்கிறான். மாதக் கடைசியில் கிளம்ப வேண்டும். அண்ணன் இருக்கிற அடுக்குமாடியில் நாய்க்கு அனுமதி இல்லை. இதையெல்லாம் சொல்லி முடித்தார். பிறகு, "குட்டிய இன்னா பண்றது பானு?" என்று கேட்டார்.

நான் கொண்டுவந்து வைத்துக்கொள்கிறேன் என்று பானு யோசிக்காமலே சொன்னாள். சொன்ன பிறகு அந்த வீடே கொஞ்சம் வெளிச்சமானது போல இருந்தது. வாசல் பக்கம் எங்கே சாக்கு விரிப்பது என்றுகூடப் பார்த்து வைத்துவிட்டாள்.

அன்று பூபாலனுக்குப் பிடித்த காரக்குழம்பு வைத்து, அவன் இரண்டாவது முறை சாதம் போட்டுக்கொள்ளும் வரை காத்திருந்து கேட்டாள். அவன் கை தட்டிலேயே நின்றது.

"வேணாம்."

கட்டிப்போட்டு வளர்ப்பேன், உள்ளே வராது, ஊசியெல்லாம் போட்டிருக்கிறது என்று அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"வேணாம் பானு. வேற எது வேணா கேளு."

வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. அவன் மீதிச் சாதத்தைச் சாப்பிடாமல் எழுந்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டான். நாய் பிடிக்காதவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர், இவரும் ஒருவர் என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் ஆயுத பூஜை வரைக்கும்தான் தாங்கியது.

*

ஆயுத பூஜையன்று மட்டும் குடும்பத்தாரைத் தொழிற்சாலைக்குள் விடுவார்கள். பானு மாம்பழ நிறப் புடவை கட்டிக்கொண்டு போனாள். எந்திரங்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். வாழைக்கன்று கட்டிய ஷெட்டுக்குள் ஒரு டாங்கி, பீரங்கிக் குழாயில் சாமந்தி மாலையோடு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. பொரிகடலைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். கல்யாணமான பிறகு நல்ல நாள் என்று சொல்லக்கூடிய நாள் அது.

வெளியே வரும்போது காவல் பிரிவின் நாய் ஒன்று நிழலில் நின்றுகொண்டிருந்தது. அல்சேஷன். பானுவின் இடுப்பு உயரம். அதன் நெற்றியிலும் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். அவள் இரண்டடி பின்வாங்கினாள். பூபாலன் நேராக அதனிடம் போய் மண்டியிட்டான். நாய் அவன் தோள்மேல் முகத்தைப் போட்டது. அவன் அதன் கழுத்தைச் சொறிந்துகொண்டே ஏதோ காதில் சொன்னான்.

நாயைப் பிடித்திருந்த ஜேம்ஸ், "உங்க வீட்டுக்காரர்னா இதுக்கு உசுரும்மா. சோறு போடுற என்னைக்கூட இப்படிக் கொஞ்சாது, துரோகி" என்றார்.

பூபாலன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

ஆக, நாய் பிரச்சினை இல்லை. இந்த நாயைத் தோளில் போட்டுக் கொஞ்சுகிறவருக்கு அந்த நாயைத் தொட்டால் வேட்டி அழுக்காகிவிடுகிறது. அது பாரிவாக்கத்து நாய். துலுக்கானம் வீட்டு நாய். மறுவீட்டில் இலையில் உட்காராதது ஏன் என்று இப்போது புரிந்துவிட்டது. திரும்பி வரும் வழியில் அவள் பேசவில்லை. அவன் வழக்கம்போலப் பேசாததால் அவள் பேசாததை அவன் கவனிக்கவில்லை.

மறுநாள், அப்பாவுக்குச் சாமான் கட்ட ஒத்தாசையாக இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவன் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்டான். எப்போது வருவாய் என்று கேட்டான். பார்க்கிறேன் என்றாள்.

பாரிவாக்கத்தில் பட்டாணி அவள் காலைவிட்டு நகரவில்லை. சாமான் கட்டினாலும் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்தது. பாதி காலியான வீட்டில் அதன் குரைப்பு எதிரொலித்தது.

துலுக்கானம் மகள் முகத்தைப் பார்த்தே ஏதோ சரியில்லை என்று கண்டுகொண்டார். என்னவென்று கேட்டார்.

"அவருக்கு நாய் புடிக்காம இல்ல நைனா. நம்ப ஊட்டு நாய்தான் புடிக்கல."

அவர் மடித்துக்கொண்டிருந்த ஜமக்காளத்தை இன்னொரு மடிப்பு மடித்தார். நாய்க்காகக் குடும்பத்தை முறித்துக்கொள்ளாதே, ஜெபாவிடம் கொடுத்துவிடலாம், அவள் நல்லபடியாகப் பார்த்துக்கொள்வாள் என்று நிதானமாகச் சொன்னார். பானுவின் மனதில் வேறு ஒரு கணக்கு ஓடியது. அப்பா ஓசூர் போனால் இந்த வீடு சும்மாதானே கிடக்கும். கல்யாணத்துக்கு முன்பு வேலை பார்த்த கம்பெனியில் மறுபடி கேட்டால் கொடுப்பார்கள். தன் நாய்க்கு இடமில்லாத வீட்டில் தனக்கு மட்டும் என்ன இடம்? வந்து கூப்பிட்டால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

*

ஒரு வாரம் கழித்து, ஒரு சாயங்காலம் அவன் வந்தான். வந்தவன் வீட்டுக்கு வரவில்லை. தெருமுனையில் வண்டியை நிறுத்திக்கொண்டு போன் செய்தான்.

பானு அப்போது பரணிலிருந்து அம்மாவின் பழைய பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள். போன் அடித்ததும் பட்டாணி விளையாட்டென்று நினைத்து எம்பிக் குதித்தது. அதன் பல் மணிக்கட்டில் கீறியது. லேசாக ரத்தம் கசிந்தது. புடவைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டு, இங்கேயே இரு என்று அதை அதட்டி, கதவைச் சாத்திவிட்டு வெளியே போனாள்.

தெருமுனையில் ஊராட்சிக் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. குடங்கள் வரிசையாக இருந்தன. பூபாலன் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். ஷேவ் செய்யாத முகம். அவனைப் பார்த்ததும் மனம் கொஞ்சம் இளகியது. அதை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஊட்டுக்குக்கூட வரமாட்டீங்க, இல்ல? இங்கயே நின்னு கூப்புடறதுக்கு நான் இன்னா..."

அவன் அவள் பேச்சைக் கேட்கவில்லை. மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன இது?"

"பட்டாணி பல்லு பட்டுது. வெளையாடச்சொல்ல. அத்த வுடுங்க, குட்டிதானே."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவன் முகம் மாறியதை அவள் பிற்பாடு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறாள். அவன் வண்டியை ஸ்டாண்ட் போடாமலே இறங்கினான். வண்டி சாய்ந்து விழுந்தது. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், குழாயடியில் இருந்த குடத்தைக் காலால் தள்ளிவிட்டு, தண்ணீருக்கு அடியில் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

குடத்துக்குச் சொந்தக்காரி பொன்னியம்மா பாய்ந்து வந்தாள். "இன்னா மாப்ள, கண்ணு தெர்ல? ஒரு மணி நேரமா காத்துகினு கீறேன், கவர்மென்ட் உத்தியோகம்னா லைனு கெடையாதா உனுக்கு?"

"அந்த சோப்பைக் கொடுங்கம்மா" என்றான். துவைக்க வைத்திருந்த நீலக் கட்டி சோப்பை அவனே எடுத்துக்கொண்டான். காயத்தில் நுரை வரத் தேய்த்தான். கழுவினான். மறுபடி தேய்த்தான். பானுவுக்கு எரிந்தது. போதும் என்றாள். அவன் விடவில்லை. பொன்னியம்மா என்ன கண்டாளோ, உருண்ட குடத்தை எடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

அப்போதுதான் பட்டாணி வந்தது. கதவு சரியாகச் சாத்திக்கொள்ளவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு தெருவைக் குறுக்கே கடந்து ஓடி வந்து, குழாயடிச் சேற்றில் நின்று, பூபாலனின் குதிகாலை மோந்தது.

பானு அவன் கையைத் தன் கையில் உணர்ந்தாள். அந்தக் கை உதறத் தொடங்கியது. அவன் முழங்கால் பேன்ட்டுக்குள் ஆடுவது தெரிந்தது. நெற்றியில், மூக்கின் மேல், காதோரம் எல்லாம் வேர்த்துவிட்டது. அவன் கீழே பார்க்கவில்லை. ஓடவும் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் மணிக்கட்டை விடாமல், சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். பட்டாணி அவன் காலை ஒருமுறை நக்கியது. அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. குழந்தை தூக்கத்தில் பயந்தால் வருமே, அப்படி.

"பொன்னியம்மாக்கா, குட்டியப் புடி" என்றாள் பானு. அவள் குரலே அவளுக்குப் புதிதாக இருந்தது.

*

பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் நாய்க்கடி ஊசிக்கு ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். நர்ஸ் எல்லோரையும் வரிசையாக விசாரித்துக்கொண்டு வந்தாள். தெருநாயா வீட்டு நாயா, பெரியதா சின்னதா என்று கேட்டாள். சின்னது என்று பூபாலன்தான் சொன்னான். பானு அவசரமாக, போன வருஷம் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறோம், இது லேசான கீறல்தான் என்றாள்.

"சின்னதுன்னாலும் பல்லு பல்லுதாம்மா. உக்காருங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்தவரிடம் போனாள்.

பூபாலன் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தான். பெஞ்சின் மறுமுனையில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். வெளியே ஷேர் ஆட்டோக்காரர்கள் குமணன்சாவடி, குமணன்சாவடி என்று கூவிக்கொண்டிருந்தார்கள்.

"இதை அன்னிக்கு ஒருத்தர் சொல்லியிருந்தாப் போதும்" என்றான்.

அவன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி பேசினான்.

"எங்க பிளாக் படிக்கட்டுக்குக் கீழ ஒரு நாய் குட்டி போட்டுச்சு. ஒண்ணுதான் தங்குச்சு. கோகுல் அதைச் சட்டைக்குள்ள போட்டுக்கிட்டுத் திரிவான். ஒரு நாள் காதுகிட்ட கடிச்சிருச்சு. கடின்னுகூடச் சொல்ல முடியாது. ஊசி குத்தின மாதிரி ரெண்டு புள்ளி. அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் வெச்சாங்க. அப்பா பாத்துட்டு, குட்டிதானேன்னு சொல்லிட்டு ஷிப்டுக்குப் போயிட்டாரு."

மூளைக்காய்ச்சல் என்றீர்களே என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

"அதே மாசம் ஆபீசர் பங்களா நாய் பக்கத்து பிளாக் பையனைக் கடிச்சுச்சு. கன்னுக்குட்டி மாதிரி நாய். தெருவே சேர்ந்து அவனைத் தூக்கிக்கிட்டு ஓடுச்சு. எங்கப்பாதான் முன்னாடி ஓடினாரு. ஆஸ்பத்திரி ரெண்டு தெரு தள்ளித்தான் பானு. அவனுக்கு ஊசி போட்டாங்க. இப்ப துபாய்ல இருக்கான்."

தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்துப் பார்த்துக்கொண்டான்.

"பெரிய நாய் கடிச்சிருந்தா என் தம்பி பொழைச்சிருப்பான்."

பிறகு மெல்ல மெல்ல மற்றதெல்லாம் வந்தது. கோகுல் ஒரு நாள் தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டது. மின்விசிறிக் காற்றுக்குக்கூட நடுங்கியது. அப்புறம் இரண்டு நாள்தான். ஊரில் கேட்டால் மூளைக்காய்ச்சல் என்று சொல்லச் சொன்னது அம்மா. சுண்ணாம்பு வைத்துப் பிள்ளையை விட்டவள் என்ற பேச்சை அவளால் தாங்க முடியாது என்று அப்பாவும் ஒத்துக்கொண்டார். சொல்லிச் சொல்லி வீட்டுக்குள்ளேயும் அதுவே நிஜமாகிவிட்டது. பெரிய நாய்கள் அவனுக்கு ஒன்றும் செய்வதில்லை. அவற்றின் பல்லை எல்லோரும் மதிப்பார்கள். சின்ன நாய் தெருவில் வந்தால் அவன் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போவான். டாங்கியை மேட்டிலும் பள்ளத்திலும் ஏற்றி இறக்குகிறவன் இதை யாரிடம் போய்ச் சொல்வது?

பால் பூத் பக்கத்தில் இருந்தும் அவன் ஏன் தினமும் சுற்றிப் போகிறான் என்று பானுவுக்கு அப்போது தெரிந்தது. வேட்டியைப் பிடித்த அந்தக் கையை அவள் நினைத்துப் பார்த்தாள். தானும் அப்பாவும் அதை எப்படியெல்லாம் பார்த்துவிட்டோம்.

"பொண்ணு பாக்கறதுக்கு முன்னாடி அம்மா தரகர்கிட்ட என்னென்னவோ கேட்டாங்க. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்" என்றான்.

"கீதுன்னு சொல்லியிருந்தா வேணாம்னு இருப்பீங்களா?"

அவன் பொய் சொல்லவில்லை. யோசித்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினான். அவன் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"அதனால உங்கப்பா சொன்ன பொய்யை நான் குத்தம் சொல்ல மாட்டேன்."

ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்ததும், நாயைக் கொண்டுவந்து வைத்துக்கொள், வாசலோடு கட்டிவைத்தால் தான் பின்பக்கக் கதவு வழியாகப் போய் வருவதாக அவனே சொன்னான். பழகிக்கொள்வேன் என்றான். வண்டிச் சாவியைத் துவாரத்தில் நுழைக்க மூன்று முறை முயன்றான். குழாயடியில் ஆடிய முழங்கால் அவளுக்குக் கண்ணிலேயே நின்றது. தினமும் வேலை முடிந்து வருகிறவன் சொந்த வீட்டு வாசலைக் கண்டு அப்படி நடுங்க வேண்டுமா?

"வேணாங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று இத்தனை நாள் அவள் யோசித்ததில்லை.

*

அப்பா ஓசூருக்குக் கிளம்பிய மறுநாள் பட்டாணியைத் திருமழிசைக்குக் கொண்டுபோனாள். பஸ்ஸில் ஒரு துணிப்பையில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு வந்தது. கண்டக்டர் இதற்கு அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று கிண்டல் செய்தார். பூபாலன் பஸ்ஸுக்குப் பின்னால் வண்டியில் வந்தான். ஜெபா வீட்டுத் தெருமுனையில் டீக்கடையில் நின்றுகொண்டு, நீ போய்விட்டு வா என்றான். நெருங்கி வரவில்லை. ஆனால் துணிப்பையிலிருந்து நீட்டியிருந்த தலையை, தூரத்திலிருந்து, பார்த்தான்.

பானு நிறைய அழ வேண்டியிருக்கும் என்று நினைத்துப் போயிருந்தாள். ஜெபா வீட்டில் அன்று நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தார்கள். பட்டாணி பையிலிருந்து குதித்து நேராகச் சமையலறைக்கு ஓடிவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வாலை மட்டும் ஒருமுறை ஆட்டியது. அவமானமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. ஜெபா ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னாள். காலிப் பையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தபோதுதான் பானுவுக்கு அழுகை வந்தது. டீக்கடை வருவதற்குள் துடைத்துக்கொண்டாள்.

அவன் அவளுக்கும் ஒரு டீ சொல்லி வைத்திருந்தான். அழுததா என்று கேட்டான். நாயைத்தான் கேட்கிறான் என்று புரிந்து, இல்லை என்றாள்.

நெடுஞ்சாலையில் லாரிகள் இரைந்துகொண்டு போயின. பூந்தமல்லி தாண்டி ஆவடி ரோட்டில் திரும்பிய பிறகுதான் பேச்சு காதில் விழும் அளவுக்குச் சத்தம் குறைந்தது. பூபாலன் தலையைப் பாதி திருப்பினான்.

"அந்தக் குட்டிக்குக் கோகுல் ஒரு பேரு வெச்சிருந்தான்."

"இன்னா பேரு?"

"ஜி.எம்."

பானுவுக்கு விளங்கவில்லை. அவன் சொன்னான். தொழிற்சாலை ஜெனரல் மேனேஜர் கார் குவார்ட்டர்ஸுக்குள் வந்தால் எல்லோரும் ஒதுங்கி நிற்பார்கள் அல்லவா. கோகுல் அந்தக் குட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, ஜி.எம். வர்றார், ஒதுங்கு ஒதுங்கு என்று கத்திக்கொண்டே படிக்கட்டில் இறங்குவானாம். யாராவது ஆபீசர் காதில் விழுந்தால் வேலை போய்விடும் என்று அப்பா பயந்து நடுங்குவாராம். ஒரு நாள் நிஜ ஜி.எம்மே கார் கண்ணாடியை இறக்கி, அந்த ஜி.எம்முக்கு என்ன வயது என்று கேட்டாராம்.

அவள் அவன் முதுகில் முகத்தை வைத்துச் சிரித்தாள். அவன் முதுகும் குலுங்கியது. கொஞ்ச தூரம் போன பிறகு அது சிரிப்புதானா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஆனாலும் அவன் நிறுத்தவில்லை. கோகுலுக்குத் தயிர்சாதம் பிடிக்காதது, இடதுகையால் எழுதி அடி வாங்கியது, மழை வந்தால் சைக்கிளுக்குக் குடை பிடித்தது என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே வண்டியை மெதுவாக ஓட்டினான். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. அவன் ஓரம் கட்டி அதற்கு வழிவிட்டான்.

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பிளாக்கில் மாடி வீடுகள் இன்றைக்கும் பூட்டித்தான் இருக்கும். கதவைத் திறந்தால் காலடிக்கு எதுவும் ஓடி வரப்போவதில்லை. பானு குனிந்து பார்த்தாள். மடியெல்லாம் பட்டாணியின் வெள்ளை முடி ஒட்டியிருந்தது. தட்டிவிட மனம் வரவில்லை. அப்புறம் கோகுல் இன்னா பண்ணுவான் என்று அவன் முதுகோடு கேட்டாள்.